வெறுங்காட்டுக்கு முள்வேலி

புதிதாக வந்திருக்கும் கிராம சேவிகாக்களுக்கு நாலு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள் என்று ஒன்றிய அலுவலகத்தில் கேட்டுக்கொண்டார்கள். உற்சாகமாக ஏதாவது சொன்னால் நல்லது என்றும் சொன்னார்கள். யோசித்துப் பார்த்தேன். உற்சாகமாக எதுவும் வரவில்லை. எழுந்து நின்று பேசினால் பாதியில் நிறுத்திவிடுவேனோ என்ற பயத்தில் எழுதியே கொடுக்கிறேன்.

வயதாகி ஓய்வு பெறுகிறவள் இல்லை நான். உங்களைவிடச் சில வருடங்கள்தான் மூத்தவள். மகள் பள்ளிக்குப் போக ஆரம்பித்திருக்கிறாள், அடுத்தது வயிற்றில் இருக்கிறது. இனி பஸ் இறங்கி வெயிலில் ஊர் ஊராக நடக்க வேண்டாம் என்று வீட்டில் முடிவு செய்தோம். வேலையை விடுவதற்கு அது மட்டும்தான் காரணம் என்று கேட்டவர்களிடமெல்லாம் சொல்லிவருகிறேன்.

சத்துமாவு வறுப்பது, புகையில்லா அடுப்பு கட்டுவது, மாதர் சங்கம் கூட்டுவது எல்லாம் பயிற்சியிலேயே சொல்லித் தந்திருப்பார்கள். ஓர் ஊர் தானாகவே ஒரு நல்ல காரியம் செய்யக் கிளம்பும்போது நீங்கள் அங்கே இருந்தால் என்ன செய்வது என்று யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். எனக்கும் விடை தெரியாது. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

கடத்தூரில் இறங்கி, பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கமாக வண்டிப்பாதையில் உள்ளே போகவேண்டிய ஊர் அது. பெயர் வேண்டாம். உங்களில் ஒருவருக்கு எப்படியும் அந்த ஊர் வரும்.

அந்த வருடம் ஆடியில் தூறியதோடு சரி. ஐப்பசி அடைமழையும் ஏமாற்றிவிட்டது. மானாவாரிக் காடுகளில் விதைத்தது விதைத்தபடியே கருகிப்போனது. கிணறு வைத்திருந்த சிலருடைய காட்டில் மட்டும் நிலக்கடலை தப்பிப் பிழைத்தது. காலனிக்காரர்களுக்குக் கூலிவேலை அடியோடு நின்றுபோனது. நான் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு காலனியில் வீடு வீடாகப் போவேன். எடை பார்ப்பதற்காகத் தாய்மார்கள் பிள்ளைகளைத் தூக்கி வருவார்கள். வந்தவர்கள் என் மகளின் கன்னத்தைத் தொட்டுக் கொஞ்சுவார்கள். அப்போதெல்லாம் அவளை முந்தானைக்குள் மறைத்துக்கொள்ளத் தோன்றும். கண்பட்டுவிடும் என்ற பயமா, வெட்கமா என்று இன்றுவரை எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

கஞ்சித் தொட்டி வைக்கலாம் என்று முதலில் சொன்னவர் ஊர்க்கவுண்டர். கோயில் காரியம், வழக்கு வம்பு எல்லாவற்றையும் முன்னால் நின்று நடத்துகிறவருக்கு அங்கே அந்தப் பெயர். நல்ல மனிதர். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் கெட்டவர் ஒருவர் நடுவில் புகுந்து கெடுத்த கதை இல்லை இது. மாரியம்மன் கோயில் முன்னால் ஊரைக் கூட்டினார். ராகி இருப்பு வைத்திருந்த வீடுகளெல்லாம் ஆளுக்குக் கொஞ்சம் தருவது, பள்ளிக்கூடத்துப் பக்கத்தில் அடுப்பு மூட்டுவது, காலனிக்கு மதியம் ஒரு வேளை கஞ்சி ஊற்றுவது என்று பேசி முடித்தார்கள். யாரும் முகம் சுளிக்கவில்லை. அரசாங்கம் கேட்காமல், நாங்கள் கெஞ்சாமல், ஓர் ஊர் தன் தானியக் குதிர்களைத் தானே திறப்பதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

எல்லோரும் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டிருந்தபோதுதான் அந்தப் பேச்சு வந்தது. கிணற்றுப் பாசனம் உள்ள மேட்டுக்காட்டுக்காரர் ஒருவர், போகிற போக்கில் சொல்வதுபோல, "கஞ்சிதான் ஊத்தறோமே, இந்த வருஷம் தப்புக்காய்க்கு எறங்க வேணாம்னு காலனியில சொல்லிருங்க. ரெண்டு கையிலயும் வாங்கினா எப்பிடி?" என்றார். இரண்டொருவர் சிரித்தார்கள். ஊர்க்கவுண்டர் சரி என்று தலையாட்டினார்.

தப்புக்காய் என்றால் என்ன என்று வெளியூரிலிருந்து வந்திருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும். நிலக்கடலைக் கொடியைப் பிடுங்கும்போது எல்லாக் காயும் கொடியோடு வருவதில்லை. மண்ணுக்குள் தங்கிவிடுவது தப்புக்காய். கொடியை வண்டியில் ஏற்றிவிட்டால், அதன்பின் அடுத்த உழவு வரைக்கும் யார் வேண்டுமானாலும் களைக்கொத்தோடு அந்தக் காட்டில் இறங்கிக் கிளறி எடுத்துக்கொள்ளலாம். யாரையும் கேட்க வேண்டியதில்லை. எடுத்தபின் கும்பிடவும் வேண்டியதில்லை. மழை பெய்த வருடத்தில் மண் பொலபொலவென்று இருக்கும், காய் முக்கால்வாசியும் கொடியோடு வந்துவிடும். மண் இறுகிப்போன வருடத்தில்தான் காம்பு அறுந்து நிறைய உள்ளே தங்கும். பஞ்சம் முற்றுகிற வருடத்தில் தப்புக்காயும் கூடும். இந்த வழக்கத்தை யார் தொடங்கினார்களோ, யோசித்துத்தான் தொடங்கியிருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

நான் ஊர்க்கவுண்டரைத் தனியாகக் கேட்டேன். தப்புக்காய் எதற்கு ஐயா நிற்கவேண்டும் என்றேன். கிணற்றுக்காரர்கள் மனம் கோணினால் ராகி வராது, ராகி வராவிட்டால் அடுப்பு எரியாது என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார். அந்த நேரத்தில் அது நியாயமாகத்தான் தோன்றியது. ஒரு வருடத்துப் பேச்சுத்தானே என்றும் சொன்னார்.

கஞ்சி ஊற்றத் தொடங்கினார்கள். ஒன்றியத்திலிருந்து வந்து பார்த்துவிட்டுப் பாராட்டினார்கள். எங்களுக்கு மேலே இருந்த முக்கிய சேவிகா அம்மா எனக்கு எல்லாம் கற்றுக்கொடுத்தவர். குழந்தையோடு வேலைக்கு வந்தபோது, தொட்டில் கட்ட அலுவலகத்திலேயே ஒரு கொக்கி அடித்துக்கொடுத்தவர். மற்ற சேவிகாக்களிடமெல்லாம் அந்த ஊரைப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது.

கார்த்திகையில் கடலை பிடுங்கினார்கள். கொடியெல்லாம் களத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அதற்குப் பிறகு அந்த வண்டிப்பாதையில் போனபோது நான் பார்த்தது இதுவரை மனதை விட்டுப் போகவில்லை. பயிர் நின்றபோது வேலியே இல்லாமல் கிடந்த காடுகளுக்கு, பயிர் போனபின் கருவேல முள்ளை வெட்டி வந்து சுற்றிலும் போட்டிருந்தார்கள். உள்ளே காய்ந்த மண்ணைத் தவிர ஒன்றுமில்லை. வெறுங்காட்டுக்கு முள்.

கடத்தூரில் செக்கு வைத்திருந்த பாய் ஒருவரிடம்தான் நான் எண்ணெய் வாங்குவது. காலனிப் பெண்கள் பொறுக்கி வருகிற தப்புக்காயைக் கைப்பிடி அளவானாலும் வாங்கிக்கொண்டு அதற்கு எண்ணெய் ஊற்றித் தருவார். அன்றைக்கு என்னைப் பார்த்ததும், "ஏம்மா, உங்க ஊர் ஜனங்க தாளிக்கறதையே விட்டுட்டாங்களா? இந்த வருஷம் ஒருத்தரையும் இந்தப் பக்கம் காணோமே" என்றார். கஞ்சி ஊற்றுகிறார்கள் என்றேன். "கஞ்சி ஊத்துனா தலைக்கு எண்ணெய் வேணாமா? வெளக்குக்கு வேணாமா? கஞ்சியையா ஊத்தி எரிப்பாங்க?" என்று சிரித்துக்கொண்டே என் பாட்டிலை நிரப்பினார். நானும் சிரித்துவைத்தேன். பஸ்ஸில் திரும்பும்போது சிரிப்பு வரவில்லை.

அந்த வாரமே மாதம்மாவைப் பார்க்கப் போனேன். காலனியில் எனக்கு முதலில் பழக்கமானவள் அவள்தான். அவளுடைய சின்னப் பையனும் என் மகளும் ஒரே பருவம். புருஷன் போன வருடமே ஒரு மேஸ்திரியோடு மைசூர்ப் பக்கம் காப்பித் தோட்டத்துக்குப் போனவன், திரும்பவில்லை. மேஸ்திரிதான் வந்து வந்து அவளையும் பிள்ளைகளையும் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். அவள் போகாமல் நின்றதற்கு ஒரே காரணம் மூத்த மகள். அந்தப் பெண் ஐந்தாவது படித்தாள். ஐந்தாவது தேறிவிட்டால் கடத்தூரில் ஹாஸ்டலில் சேர்த்துவிடலாம், சாப்பாடு, துணி எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்கள் என்று சொன்னவள் நான். முழுப் பரீட்சை வரைக்கும் ஊரில் தாக்குப்பிடிக்க வேண்டும். மாதம்மா அந்தப் பரீட்சையைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள்.

அவள் சில நாட்களாகக் கஞ்சிக்கு வரவில்லை என்று கேள்விப்பட்டிருந்தேன். ஏன் என்று கேட்டேன்.

"கஞ்சி வாங்கறவங்கதானுங்களே காட்டுல எறங்கக் கூடாது? நான் வாங்கலை. எனக்குத் தப்புக்காய் போதும்னு ஊர்க்கவுண்டர்கிட்ட ஆளு விட்டுச் சொல்லிட்டேன்" என்றாள்.

என்ன பதில் வந்தது என்றேன்.

"ஊத்தற கஞ்சி வேணாம்னு சொல்ற அளவுக்குத் திமிராயிருச்சான்னு மேட்டுக்காட்டுல கேட்டாங்களாம்." சொல்லிவிட்டுக் களைக்கொத்தின் பிடியைத் துடைத்தபடியே இருந்தாள். பிறகு, "காய் இருந்தா எண்ணெய்க்கும் உப்புக்கும் ஆச்சுங்க, அவிச்சாப் புள்ளைங்களுக்கு ராத்திரிக்கும் ஆச்சு. பரிச்ச வரைக்கும் இழுத்துருவேன். வெறும் மத்தியானக் கஞ்சிய வெச்சிக்கிட்டு எத்தினி நாளைக்குங்க? வேற ஊருக்கு வேல தேடிப் போனாலும் உச்சிக்கு வந்து வரிசையில நிக்கோணும்" என்றாள்.

இதை நான் யோசித்துப் பார்த்ததே இல்லை. கஞ்சி ஊற்றுவது பசிக்கு. தப்புக்காய் அவள் கையில் இருப்பது. கையில் கொஞ்சம் இருந்தால்தான் நாளைக்கு என்ன செய்யலாம் என்று நினைக்க முடியும். மேஸ்திரியின் லாரி வருகிற நாளும் நெருங்கிக்கொண்டிருந்தது. காப்பிப் பழம் பறிக்கிற காலம் அது. காலனியில் பல வீடுகளில் பானை சட்டியைக் கட்டத் தொடங்கியிருந்தார்கள்.

ஊர்க்கவுண்டர் வீட்டுக்குப் போனேன். மகளுக்கு அன்று சளி, அவளை விட்டுவிட்டு வர ஆளில்லை. வாசலில் என்னைப் பார்த்ததுமே அவர் சம்சாரம் குழந்தையை வாங்கிக்கொண்டு, மிளகு தட்டிப் போட்டுப் பால் காய்ச்சி வந்து மடியில் வைத்துப் புகட்டினார். என் பிள்ளை அவர்கள் வீட்டுப் பாலைக் குடித்துக்கொண்டிருக்கும்போது நான் அவர்களிடம் நியாயம் பேச வேண்டியிருந்தது. நீங்கள் ஒரு வீட்டில் காரியம் பேசப் போகும்போது குழந்தையைத் தூக்கிப் போகாதீர்கள் என்று சொல்ல ஆசை. ஆனால் வேறு எங்கே விடுவீர்கள்?

முள்ளை எடுத்துவிடுங்கள், அவர்கள் பொறுக்கிக்கொள்ளட்டும், நீங்களும்தான் அந்தக் காயை எடுக்கப்போவதில்லையே என்றேன். அவருக்குக் கோபம் வரவில்லை.

"நான் என் காட்டுல எடுத்துருவேன் சேவிகாம்மா. நாளைக்கே எடுத்துருவேன். மத்தவங்க என்னா சொல்லுவாங்க? அப்ப ராகியும் நீங்களே குடுத்துக்குங்கம்பாங்க. அடுப்ப அணைச்சிட்டா அந்தக் கெழடு கட்டைங்களும் கொழந்தைங்களும் எங்க போவாங்க? நீங்களே சொல்லுங்க, எத நிறுத்தட்டும்?"

கஞ்சியை நம்பி எத்தனையோ பேர் இருந்தார்கள். ஒரு மாதம்மாவுக்காக அதைக் கவிழ்க்க முடியுமா? கவிழாது என்று நான் எப்படிச் சொல்வது?

அலுவலகத்துக்குப் போய் முக்கிய சேவிகா அம்மாவிடம் கேட்டேன். ஊர் ஒரு நல்லது செய்யும்போது குறுக்கே நிற்காதே, அது உடைந்தால் மறுபடி ஒட்டாது என்றார். பிறகு, வேண்டுமானால் சம்பந்தப்பட்டவர்களையே கேட்கச் சொல், அவர்கள் வாயால் வரட்டும் என்றார். எனக்கு மூச்சு வந்தது. அதுதான் சரி என்று பட்டது. நம் பயிற்சியிலும் அதைத்தான் சொல்கிறார்கள், மக்களைக் கேள், அவர்களோடு சேர்ந்து முடிவு செய் என்று.

ஊர்க்கவுண்டரும் உடனே ஒத்துக்கொண்டார். இத்தனை நாள் இது தோன்றாமல் போயிற்றே என்றுகூடச் சொன்னார். தனியாகக் கூட்டம் எதற்கு, கஞ்சி ஊற்றும் நேரத்தில் எல்லோரும் ஒரே இடத்தில் இருப்பார்கள், அப்போதே கேட்டுவிடலாம் என்றார். எனக்கும் அது சௌகரியமாகவே பட்டது.

மறுநாள் உச்சியில் பள்ளிக்கூடத்துப் பக்கத்தில் வரிசை நின்றது. எல்லோர் கையிலும் சட்டி. மாதம்மாவும் வந்திருந்தாள், நான் வரச்சொல்லியிருந்தேன். ஒரு கையில் சின்னவன், மகள் பின்னால். கிணற்றுக்காரர்கள் வேப்பமரத்து நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். கேட்டு முடித்துவிட்டு ஊற்றலாம் என்று சமையல்காரர் தொட்டியின் மூடியைத் திறக்காமல் வைத்திருந்தார். வேண்டுமென்றே இல்லை. ஆறிவிடுமே என்றுதான். ஆனால் மூடி மூடியிருந்தது.

ஊர்க்கவுண்டர் எழுந்து நின்றார். "யாரும் பயப்பட வேணாம். மனசுல இருக்கறதச் சொல்லுங்க. கஞ்சி வேணுமா, தப்புக்காய் வேணுமா? நீங்க எதச் சொன்னாலும் எனக்குச் சம்மதந்தான்."

அவர் முகத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் உண்மையாகத்தான் கேட்டார்.

வரிசையில் முதலில் நின்ற கிழவர் தொட்டியைப் பார்த்தார், பிறகு மரத்தடியைப் பார்த்தார். "கஞ்சிதானுங்க சாமி" என்றார். அடுத்தவளும் கஞ்சி என்றாள். அதற்கடுத்தவள் வாய் திறக்கவில்லை, சட்டியை மட்டும் கொஞ்சம் தூக்கிக் காட்டினாள். அப்படியே வரிசை முழுக்கப் போய் மாதம்மாவிடம் வந்து நின்றது.

"நீ என்னா மாதம்மா, வாயத் தெறக்க மாட்டேங்கற? உனக்காவத்தான் சேவிகாம்மா எங்க வூட்டுக்கு வந்து பேசிச்சி" என்றார் ஊர்க்கவுண்டர்.

மாதம்மா சின்னவனை இறக்கிவிட்டாள். "கஞ்சி நீங்க குடுக்கறதுங்க. ஊத்தலாம், நிறுத்தலாம், உங்க இஷ்டம். தப்புக்காய யாரும் குடுக்கறது இல்லீங்களே. அதப் போயி எப்பிடிங்க கஞ்சிக்கு மாத்தாக் கேக்கறது?"

அடுப்பில் விறகு வெடித்த சத்தம் கேட்டது. மேட்டுக்காட்டுக்காரர் மரத்தடியிலிருந்தே, "யாரும் குடுக்கலைன்னா அது யாரு காடு, உங்கப்பன் காடா?" என்றார். சிரிப்பு எழுந்தது. வரிசையிலும் சிலர் சிரித்தார்கள். பக்கத்தில் நின்றவள் மாதம்மாவின் முழங்கையைப் பிடித்து இழுத்து, "சும்மா இரு புள்ள, கொழந்தைங்க பசியோட நிக்குது" என்றாள்.

மாதம்மா என்னைப் பார்த்தாள். நான் ஏதோ சொல்லத் தொடங்கினேன், இதை இங்கே வைத்துக் கேட்டது சரியில்லை, இன்னொரு நாள் தனியாக என்று. என் குரல் எனக்கே கேட்கவில்லை. அதற்குள் மூடியைத் திறந்துவிட்டார்கள். ஊர்க்கவுண்டர் என் பக்கம் வந்து, "பாத்தீங்களா சேவிகாம்மா, அவங்களே சொல்லிட்டாங்க" என்றார். அவர் முகத்தில் பாரம் இறங்கிய நிம்மதி இருந்தது. நேற்று எனக்கு இருந்த அதே நிம்மதி.

மாதம்மா அன்றைக்குக் கஞ்சி வாங்கினாள். பிள்ளைகளுக்குக் கொடுத்தாள். தான் குடித்தாளா என்று நான் பார்க்கவில்லை.

லாரி அடுத்த நாள் காலையில் வந்தது. நான் பஸ்ஸை விட்டு இறங்கி நடக்கும்போது பாதை பிரியும் இடத்தில் நின்றிருந்தது. காலனியில் பாதிக்கு மேல் அதில் ஏறிக்கொண்டிருந்தார்கள். மாதம்மா மேலே மூட்டைகளுக்கு நடுவில் இருந்தாள். மகள் அவளை ஒட்டி உட்கார்ந்திருந்தாள், என்னைப் பார்த்ததும் வணக்கம் டீச்சர் என்றாள். பள்ளிப் பிள்ளைகள் என்னை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

வழியெல்லாம் யோசித்துவந்ததை மாதம்மாவிடம் சொல்லிவிட்டேன். பெண்ணை என் வீட்டில் விட்டுப் போ, பரீட்சை வரைக்கும் என்னோடு இருக்கட்டும், நான் படிக்கவைக்கிறேன் என்றேன். எங்கள் வீடு ஒரே அறை, வீட்டுக்காரரிடம் கேட்கவும் இல்லை. ஆனாலும் சொன்னேன்.

மாதம்மா லாரியின் பலகையைப் பிடித்துக் குனிந்தாள். "உங்க வூட்டுல எம்பொண்ணு என்னாவா இருப்பாங்க? உங்க புள்ளயத் தூக்கிக்கிட்டு இருப்பா. நீங்க சொல்லவே வேணாம், அவளாவே செய்வா. சோறு போடறீங்கல்ல? கோவிச்சுக்காதீங்க."

எனக்குக் கோபம் வரவில்லை. அப்படி நடக்காது என்று சொல்ல வாயெடுத்தேன். இடுப்பில் என் மகள் கனத்துக்கொண்டிருந்தாள்.

தோட்டத்தில் பள்ளிக்கூடம் இருக்குமா என்று மட்டும் கேட்டேன். கன்னடப் பள்ளிக்கூடம் இருக்கிறதாம், ஆனால் இந்த வயதுப் பிள்ளைகள் செடிக்கடியில் உதிர்ந்து கிடக்கிற பழம் பொறுக்கப் போய்விடுமாம் என்றாள். மேஸ்திரி கதவை அடித்துச் சாத்தினான். வண்டி நகரும்போது மாதம்மா எட்டிப் பார்த்து, "களக்கொத்தக் கூரை எறவாணத்துல சொருகி வெச்சிருக்கேனுங்க. முள்ள எடுத்தாங்கன்னா ஆரு மூலமாவது சொல்லி அனுப்புங்க" என்றாள்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கஞ்சிக்கு வரிசை குறைந்தது. போனவர்களால் குறைந்தது என்று எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் கஷ்டம் தீர்ந்து வருவதாகவே ஊரில் பேசிக்கொண்டார்கள். கோடை மழை பெய்ததும் அடுப்பை அணைத்தார்கள். அதற்கு ஒரு விழா வைத்தார்கள், பெரியவர்கள் வந்து பேசினார்கள், போட்டோ எடுத்தார்கள். எனக்கும் ஒரு மாலை போட்டார்கள். மகள் அந்த மாலையைப் பிய்த்துத் தின்னப் போனாள், எல்லோரும் சிரித்தார்கள்.

அந்த மழைக்கு இன்னொன்றும் நடந்தது. முள்ளுக்குள் கிடந்த காடுகளில் நிலக்கடலை தானாகவே முளைத்தது. யாரும் விதைக்காமல், வரிசை இல்லாமல், கொத்துக் கொத்தாக. எவ்வளவு காய் உள்ளே கிடந்திருந்தால் அப்படி முளைத்திருக்கும். காலனியில் எஞ்சியிருந்தவர்களும் பார்த்தார்கள், நானும் நின்று பார்த்தேன். நல்ல பச்சை. காட்டுக்காரர்களுக்கும் அதனால் பயன் இல்லை. பருவத்து விதைப்புக்காக எல்லாவற்றையும் சேர்த்து உழுது மடக்கிவிட்டார்கள்.

அடுத்த கார்த்திகையில் விளைச்சல் சுமாராக இருந்தது. கஞ்சித் தொட்டி இல்லை. கொடி களத்துக்குப் போனபின் முள்ளை மறுபடி போட்டார்கள். ஏன் என்று ஊர்க்கவுண்டரைக் கேட்டேன். போன வருடம் போட்டதுதானே, பழகிப்போயிற்று என்றார். கடலை பிடுங்க ஆள் கிடைக்கவில்லை, காலனியில் வீடுகளெல்லாம் பூட்டிக் கிடக்கின்றன, இந்தக் காலத்தில் உழைக்கிற எண்ணமே ஜனங்களுக்கு இல்லை என்று வருத்தப்பட்டார். மாதம்மாவுக்குச் சொல்லி அனுப்ப என்னிடம் செய்தி எதுவும் இல்லை. அவளும் வரவில்லை. கூரை சரிந்தபோது இறவாணத்துக் கொத்தை யாரோ எடுத்துப் போயிருந்தார்கள்.

முக்கிய சேவிகா அம்மா மாற்றலாகிப் போவதற்கு முன் அவரிடம் ஒருநாள் இதைப் பேசினேன். கேட்டது தப்பில்லை, கேட்ட இடம்தான் தப்பு என்று நான் சொன்னேன். அவர் என்னைத் தேற்றவில்லை. "வேற எடத்துல வெச்சிக் கேட்டிருந்தா மட்டும்? அப்பவும் ராகி அவங்க வூட்லதானே இருந்திருக்கும்" என்றார்.

உங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லவேண்டும் என்றால் இதைத்தான் சொல்வேன். ஓர் ஊர் கூடி, ஏழைகளுக்கு என்ன கொடுக்கலாம் என்று பேசும்போது, இந்த ஊர் அவர்களுக்கு எதையெல்லாம் அடைத்து வைத்திருக்கிறது என்று யாராவது ஒருவர் கேட்க வேண்டும். அந்த ஒருவர் நீங்களாக இருங்கள் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் நானும் கேட்டேனே. கேட்டும் அப்படித்தான் ஆயிற்று. உங்களுக்குத் தைரியம் அதிகம் இருக்கலாம். குரல் பலமாக இருக்கலாம். எனக்குத் தெரியவில்லை.

இந்த வருடமும் ஐப்பசி காய்ந்து போய்க்கொண்டிருப்பது உங்களுக்குத் தெரியும். நான் வேலையை விடப்போகிறேன் என்று சொல்லிக்கொள்வதற்காகப் போன வாரம் அந்த ஊருக்குப் போனேன். ஊர்க்கவுண்டர் என்னைக் கண்டதும் சந்தோஷமாக எழுந்து வந்தார். கொஞ்சம் தளர்ந்திருந்தார். கஞ்சித் தொட்டியை வெளியே எடுத்து, புளி போட்டுத் தேய்த்துக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். ராகி கொடுக்க எல்லா வீட்டிலும் ஒத்துக்கொண்டார்களாம். மேட்டுக்காட்டுக்காரர் முதல் ஆளாக மூட்டையை இறக்கிவிட்டாராம். ஊர்க்கவுண்டர் சம்சாரம் என் மகளுக்கென்று ஒரு கிண்ணத்தில் பால் கொண்டுவந்தார். மகள் பள்ளிக்குப் போயிருக்கிறாள் என்றேன்.

கிளம்பும்போது ஊர்க்கவுண்டர் வாசல் வரைக்கும் கூடவே வந்தார். கேட்கத் தயங்குகிறவர்போல நின்றார்.

"எல்லாம் தயாரா இருக்குது சேவிகாம்மா. காலனியிலதான் வாங்கறதுக்கு ஆளே இல்ல. பக்கத்து ஊர்ல கஷ்டப்பட்டவங்க யாராச்சும் இருந்தா, இங்க வந்து நிக்கச் சொல்றீங்களா?"

நான் அவருக்குப் பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். உங்களில் யார் அங்கே போகிறீர்களோ, உங்களையும் அவர் கேட்பார்.